நேராகப் போன படகு

சுதா, இந்தக் கடிதத்தை வார்டுக்கு ஓடும் அவசரத்தில் படிக்காதே. டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும், ஒரு பிளேன் டீயை ஊற்றி வைத்துக்கொண்டு, கதிரையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து படி. வாட்ஸ்அப்பில் குரலாகவே சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் "பாப்பா, சாப்பிட்டியா" என்று தொடங்கி, பேராதனையில் மழையா என்று கேட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் அழித்துவிட்டேன். சுற்றி வளைத்துப் பேசுவதில் உன் அப்பன் கெட்டிக்காரன் என்பது உனக்குத் தெரியும். எழுதும்போது அந்தக் கெட்டிக்காரத்தனம் எடுபடவில்லை. எழுதியதை உன் அம்மா எடுத்துப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, இதுல விஷயம் எங்க இருக்கு" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கிறாள். இது நான்காவது தாள்.

விஷயம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கடுகண்ணாவையிலிருந்து தினேஷும் அவன் அப்பா அம்மாவும் கல்யாணத்துக்கு நாள் பேச வந்திருந்தார்கள். தை மாதம் என்று முடிவாகி, மண்டபம் பற்றிப் பேசி, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் சம்பந்தி என்னைப் பார்த்துக் கேட்டார். "கொழும்புல ஏதோ ஒன்றர வருஷ ட்ரெய்னிங் கெடச்சிருக்காம், தினேஷ் சொன்னான். கல்யாணம் முடிச்சிட்டு அது எதுக்குங்க. எங்களுக்கும் கடையில ஒரு நம்பிக்கையான ஆள் வேணும். புள்ள அத விட்டுரும் தானே?" நான் ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை. "அதுக்கென்னங்க, விட்டுருவா" என்றேன். நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். சத்திரசிகிச்சை அறை நர்ஸுக்கான அந்தப் பயிற்சிக்கு இரண்டு வருடம் படித்து, நேர்முகத் தேர்வுக்குப் போய், பெயர் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு அழுதவள் நீ. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் பதில் சொல்லிவிட்டேன். தினேஷ் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ என்னைப் பார்த்தாய். கோபமாக ஒன்றும் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் நான் அன்று மத்தியானம் சோறு சாப்பிட்டிருப்பேன்.

அந்தப் பார்வையை நான் முன்பும் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். உனக்குப் பதினான்கு வயது, இடம் தெல்தெனியவுக்கு அப்பால் நீர்த்தேக்கம். அந்தக் கதையை நம் வீட்டில் பன்னிரண்டு வருடமாக யாரும் பேசியதில்லை. இன்று பேசப் போகிறேன். உனக்குத் தெரிந்ததையே விளக்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள். படித்து முடித்ததும் இதைத் தினேஷிடமும் கொடுப்பாய் என்று நினைக்கிறேன். அவனுக்குக் கடையில் விற்கிற ஆணியும் சீமெந்தும் தெரியும், பாய்ப்படகு தெரியாது.

தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, நீர்த்தேக்கக் கரையில் இருந்த படகுக் கழகத்தில் எனக்குக் காவல் வேலை கிடைத்தபோது எனக்கு நீந்தவே தெரியாது. புல் வெட்டுவது, படகுகளைக் கழுவுவது, கிழிந்த பாயைத் தைக்கக் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. பிறகு கண் பழகியது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஆள் குறைந்தால் பழைய நீலப் படகை எடுத்துக்கொண்டு கணக்குக்கு ஒரு ஆளாக வரச் சொல்வார்கள். நீ லீவு நாட்களில் என்னுடன் வந்து, நான் ஐந்து வருடத்தில் பழகியதை ஒரு மாதத்தில் பழகிவிட்டாய். எனக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிய மரத்தைப் பார்க்க வேண்டும், கொடியைப் பார்க்க வேண்டும். நீ கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தால் சொல்வாய். உன் அம்மா மட்டும், "பொம்பளப் புள்ளய வெயில்ல காய வச்சிக் கருவாடாக்கிக் கூட்டிட்டு வாறீங்க" என்று திட்டிக்கொண்டே உனக்கு இரண்டாவது தொப்பி வாங்கிக் கொடுத்தாள்.

தண்ணீரில் கோடு கிடையாது, சிக்னல் விளக்கு கிடையாது. இரண்டு பாய்ப்படகுகள் ஒன்றையொன்று குறுக்கிட வந்தால் யார் ஒதுங்குவது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. வலது பக்கத்திலிருந்து காற்றை வாங்கும் படகுக்கு வழி உண்டு. இடது பக்கத்திலிருந்து வாங்கும் படகு ஒதுங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கத்துக் காற்று என்றால், காற்று வரும் திசைக்குக் கிட்ட இருக்கும் படகு மற்றதற்கு ஒதுங்க வேண்டும். முந்திப் போகிறவன், யாரை முந்துகிறானோ அவனுக்கு இடைஞ்சல் இல்லாமல் போக வேண்டும். நம் மலைப்பாதையில் ஏறி வரும் லொறிக்கு இறங்கி வரும் வண்டி ஓரம் கட்டுகிற மாதிரிதான். படகு யாருடையது, ஓட்டுகிறவன் என்ன உத்தியோகம் என்பதெல்லாம் அந்தச் சட்டத்தில் இல்லை. முதல் தரம் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டொக்டரும் காவல்காரனும் எதிரெதிரே வந்தால் காவல்காரனுக்கு வலப்பக்கக் காற்று இருந்தால் டொக்டர் ஒதுங்க வேண்டுமாம். அதை என் மூளை ஒத்துக்கொண்டது. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த உடம்பு எங்கே பழகியது என்று உனக்கு நான் சொன்னதில்லை. தோட்டத்தில் நாங்கள் பள்ளிக்கூடம் போகும் பாதையில் தோட்ட மனேஜர் தொரையின் ஜீப் வந்தால், பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும், நாங்கள் ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். யாரும் அடித்து இறக்கவில்லை. சத்தம் கேட்டதும் கால் தானாக இறங்கிவிடும். சப்பாத்து நனைந்துவிடும் என்று கையில் எடுத்துக்கொண்டு நிற்பேன். டவுனுக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் அந்தக் கால் எனக்குள் இருக்கிறது. உன் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போய், வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற நான்கு பேரை "நீங்க போங்க" என்று முன்னால் அனுப்பி, பன்னிரண்டரைக்கு ஜன்னலை மூடியதும் வெறுங்கையோடு வந்தவன் நான். உன் அம்மா அன்று சொன்னாள்: "இவரு எமன் வந்தாக்கூட, 'பின்னால ஒருத்தர் அவசரமா நிக்கிறாரு, அவர மொதல்ல கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லுவாரு." நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை என்று உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லி வளர்த்தேன். பாதி உண்மைதான் அது, மற்றப் பாதியை நீர்த்தேக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் பார்த்தேன்.

அன்று நீலப் படகில் சுக்கான் கட்டை உன் கையில் இருந்தது. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து பாயின் கயிற்றைப் பிடித்திருந்தேன். நமக்கு வலப்பக்கக் காற்று. இடப்பக்கக் காற்றில், நம் இடது கைப்பக்கமாகக் குறுக்கே வந்தவர் எஞ்சினியர் ஐயா, சிங்களத்தில் மாத்தயா என்று நாமெல்லாம் கூப்பிடுகிறவர், கழகத்தில் எல்லாரையும் விட மூத்தவர். வழி நமக்கு. நீ பழக்கப்பட்டபடி "ஸ்டார்போட்", அதாவது வலப்பக்கக் காற்று எனக்கு, என்று ஒரு தரம் கூவிவிட்டு நேராகப் போனாய். வழி உள்ளவர் செய்ய வேண்டியது அதுதான், நேராகப் போவது. அது தலைக்கனம் இல்லை, கடமை. நாம் நேராகப் போவோம் என்று நம்பித்தான் மற்றவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்கிறார். எஞ்சினியர் மாத்தயாவும் முறைப்படியே செய்தார். உன் படகின் பின்னால் போவதற்காகத் தன் படகைத் திருப்பத் தொடங்கியிருந்தார். நீ அதைக் கண்டாய். நான் கண்டது அவரைத்தான். பெரிய மனிதர், வெள்ளைத் தொப்பி, என் முதலாளிமாரில் ஒருவர், நேரே வருகிறார். என் கால் கானுக்குள் இறங்கிவிட்டது. உன் கையின் மேலாகச் சுக்கான் கட்டையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அவருக்கு வழி விடுவதாக நினைத்துக்கொண்டு, அவர் எந்தப் பக்கமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தாரோ அந்தப் பக்கத்துக்கே உன்னைத் திருப்பினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒதுங்கப் போய், இரண்டு படகும் மோதிக்கொண்டன. நீ முன்னால் தூக்கி எறியப்பட்டாய். படகின் நடுவில் இருக்கும் மரச்சட்டத்தில் உன் இடது கை அடிபட்டது. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு விபத்து. கரைக்கு வந்ததும் எஞ்சினியர் மாத்தயா உன் கையைத் தன் துவாயால் கட்டிக்கொண்டே, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார். "நான் பின்னால தானே போறது. ஏன் அந்தப் பக்கம் திருப்பினது?" நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல், 'நான்' என்று. நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "புள்ள தெரியாம திருப்பிட்டா மாத்தயா. சின்னப் புள்ள தானே, மன்னிச்சிக்கிங்க." வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. அந்த நேரத்தில் வேலையைப் பற்றி நினைக்கவே இல்லை. கேள்வி வந்தது, தலை குனிந்தது, குனிந்த தலைக்கு உன் தோள் கிட்ட இருந்தது, அவ்வளவுதான். அவர் அதை அப்படியே கழகத்துக் கொப்பியில் எழுதினார். பதினாறு வயதுக்குக் கீழே யாரும் இனிப் போட்டியில் சுக்கான் பிடிக்கக் கூடாது என்று அடுத்த மாதம் ஒரு விதியும் போட்டார்கள். திரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நீ அழவில்லை. "அப்பா, நான் நேரா தானே போனேன்" என்று ஒரு தரம் கேட்டாய். "பேசாம வா, கை வலிக்கும்" என்றேன். அதற்குப் பிறகு நீ நீர்த்தேக்கத்துப் பக்கம் வரவில்லை. சுதா எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொன்னேன். உன் அம்மாவிடமும் நீ தான் திருப்பினாய் என்றே சொல்லியிருந்தேன். இந்தத் தாளில் இதுவரை எழுதி வைத்திருந்ததைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள்.

ஆகையால் இதைத் தெளிவாக எழுதுகிறேன். நீ நேராகத்தான் போனாய். உன் மேல் ஒரு பிழையும் இல்லை. திருப்பியவன் நான். பொய் சொன்னவனும் நான். பதினான்கு வயதில் நீ செய்த மிகச் சரியான காரியத்துக்கு நான் உன் பெயரில் மன்னிப்புக் கேட்டேன். அது என் மனதை அறுக்காத நாள் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். வருடக்கணக்கில் மறந்தும் இருந்திருக்கிறேன். போன ஞாயிறு "விட்டுருவா" என்று சொன்ன வாயும் அன்று "தெரியாம திருப்பிட்டா" என்று சொன்ன வாயும் ஒன்றுதான் என்று உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை எஞ்சினியர் மாத்தயாவிடம் போனேன். இப்போது அவருக்கு முழங்கால் சரியில்லை, படகில் ஏறுவதில்லை, கரையில் உட்கார்ந்து மற்றவர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். அலுமாரியிலிருந்து பழைய கொப்பியை எடுக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வரியை வெட்டி, என்னைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். லேசாகிவிட்டது என்று நினைத்து எழும்பியபோது கேட்டார். "எனக்குச் சொல்லி என்ன. அவவுக்குச் சொன்னதா?" இல்லை என்றேன். "அப்ப பிழையான ஆளுக்கு முதல்ல சொல்லியிருக்கு" என்றார். அதுதான் இந்தக் கடிதம்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குப் பெற்றவன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது அந்தத் தண்ணீரில் கற்ற கொஞ்சம்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுக்கிற வீடும் முட்டிக்கொள்ளும். "உன் இஷ்டம்", "இல்ல, உங்க இஷ்டம்" என்று சொல்லிச் சொல்லியே யாருடைய இஷ்டமும் நடக்காமல் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஒதுங்க வேண்டும், ஒருவர் நேராகப் போக வேண்டும், இன்று யார் எது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒதுங்குகிறவர் சீக்கிரமாக, எதிரில் இருப்பவருக்குக் கண்ணில் படுகிற மாதிரி ஒதுங்க வேண்டும். கடைசி நிமிடம் வரை இழுத்து, மனதுக்குள் புழுங்கி, பிறகு சட்டென்று திருப்புவது ஒதுங்குவதில் சேராது. காற்றுக்குக் கிட்ட இருக்கிறவர் மற்றவருக்கு இடம் விட வேண்டும் என்ற சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன் வீடு, தன் ஊர், தன் ஆட்கள் என்று வசதியாக இருக்கிறவர்கள்தான் புதிதாக வந்தவளுக்கு இடம் விட வேண்டும். நாளைக்கு உன் பக்கம் வசதி இருந்தால் நீ விடு. நம் வீட்டுக் குசினியில் எப்போதும் உன் அம்மா பக்கம்தான் காற்று, ஆனாலும் நான்தான் ஒதுங்குகிறேன், அது வேறு சட்டம்.

இன்னொன்றும் உண்டு. வழி உன்னுடையதாக இருந்தாலும், எதிரே வருகிறவன் ஒதுங்கவே மாட்டான் என்று கண்கூடாகத் தெரிந்தால், அப்போது நீயும் திரும்பித்தான் ஆக வேண்டும். மோதிவிட்டு நான் சரி என்று சொல்வதற்காக யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவனுக்குக் கேட்கிற மாதிரி ஒரு தரம் கூவ வேண்டும். தினேஷ் நல்ல பையன். உன் பயிற்சியைப் பற்றித் தன் அப்பாவிடம் பேசுகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தானாம், அம்மா சொன்னாள். அன்று கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தால், அவனும் கானுக்குள் இறங்கிப் பழகிய கால்தான். அவனைக் கோபிக்காதே. நீ கூவினால் அவனுக்குக் கேட்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நீ கூவ வேண்டும்.

நேற்று கடுகண்ணாவைக்குப் பஸ் ஏறினேன். சம்பந்தி கடையில் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "வாங்க, வாங்க, ஒரு சத்தம் போட்டிருந்தா நாங்களே வந்திருப்போமே" என்று கதிரையை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை, உட்கார்ந்தால் மழையைப் பற்றிப் பேசியிருப்பேன். "அன்னிக்கு ட்ரெய்னிங்க விட்டுருவான்னு சொன்னது என்னோட வார்த்தைங்க. புள்ளையோட வார்த்தை இல்ல. அவகிட்ட நான் கேக்கவே இல்ல" என்றேன். அவர் ஆணியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, ஆளை அனுப்பிவிட்டு, திரும்பினார். "அப்ப கல்யாணத்தத் தள்ளி வைக்கணுங்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லைங்க, உங்க இஷ்டம் எப்படியோ அப்படி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "தெரியாதுங்க. அதையும் அவகிட்ட தான் கேக்கணும்" என்றேன். "நீங்க இப்பிடிப் பேசி நான் பாத்ததில்லையே" என்றார். கோபமா, ஆச்சரியமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "சரி, ஞாயித்துக்கெழம வாறோம். புள்ள வாயாலயே சொல்லட்டும்" என்றார். டீ குடித்துவிட்டுப் போங்க என்று சொல்லவில்லை. எப்போதும் சொல்கிற மனிதர்.

இந்தச் சம்பந்தம் நிலைத்தாலும் நிலைக்கலாம், போனாலும் போகலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். நீ கொழும்புக்குப் போ என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. கடையில் உட்காருவதுதான் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதையும் நீதான் சொல்ல வேண்டும். நீ எதைச் சொன்னாலும் இந்த வீட்டில் உன் கட்டிலும் உன் தட்டும் அதே இடத்தில் இருக்கும். உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் வாயால் சொன்னதில்லை, எங்கள் பக்கத்தில் ஆம்பளைகள் அதைச் சொல்லும் பழக்கம் இல்லை. ரொம்பப் பிடிக்கும், பாப்பா.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறார்கள். சனிக்கிழமையே வந்துவிடு. அம்மா என் பக்கத்தில்தான் உட்காரப் போகிறாளாம், நான் வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளுவதற்கு. அவள் கஷ்டப்படத் தேவையில்லை. நீ பேசி முடிக்கும் வரை நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன். அதற்குப் பிறகும் யாராவது என் பக்கம் திரும்பி, நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டால், மகள் சொன்னது கேட்டிருக்குமே என்று மட்டும் சொல்வேன்.

அப்பா